புல் கெண்டையை ஏரியில் விட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரிகளில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை ஒழிக்க, நீர்ச்செடி தின்னும் புல் கெண்டை மீன் குஞ்சுகளை வாங்கி விட்டால் போதும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஏரியில் அந்த மீனை ஏற்கெனவே விட்டாயிற்று.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில். அப்பாவுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. விடியுமுன் மண்புழு தோண்டி டப்பாவில் போட்டுக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவோம். அப்பா போன பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. விரால், குரவை, கெளுத்தி, பிற்பாடு ஜிலேபிக் கெண்டை என்று இந்தத் தண்ணீரில் என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும்.

போன ஆடியில் ஒருநாள் கோதுமை மாவு உருண்டையைக் கோத்துப் போட்டிருந்தேன். தக்கை முங்கவில்லை, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. கால் மணி நேரம் விட்டுப் பிடித்துக் கரைக்கு இழுத்தால், மூன்று கிலோவுக்குக் குறையாத மீன். உருண்டு நீண்ட உடம்பு. மீசை கிடையாது. ஒவ்வொரு செதிலுக்கும் ஓரத்தில் கறுப்புக் கோடு, மேலே வலையைப் போர்த்தியது மாதிரி. பக்கத்தில் நின்ற பையன், இது ரோகு மீன் என்றான். வீட்டில் அறுத்துப் பார்த்தபோது குடல் முழுக்கப் பச்சை, அரையும் குறையுமாக அரைபட்ட வேலம்பாசி, தண்ணீருக்கு அடியில் வளரும் செடி அது. தொண்டைக்குள் விரலை விட்டேன், ரம்பம் போலப் பல் தட்டுப்பட்டது. புல் கெண்டையேதான். அதற்கப்புறம் இன்னும் நான்கு பிடித்துவிட்டேன்.

இந்த மீனின் ஊர் சீனா. ரஷ்ய எல்லையில் ஓடும் அமூர் ஆறு வரை உண்டு. 1959இல் ஹாங்காங்கிலிருந்து நம் நாட்டுக்கு வந்து, முதலில் ஒடிசாவின் கட்டாக்கில் வளர்க்கப்பட்டது. பண்ணைக் குட்டையில் ரோகு, கட்லாவோடு சேர்த்து வளர்ப்பவர்களை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வரப்புப் புல்லை அறுத்துப் போட்டாலே வளர்ந்துவிடும் மீன், விவசாயிக்கு நாலு காசு கிடைக்கிறது. ஆனால் ஏரி வேறு, பண்ணைக் குட்டை வேறு.

இன்னொன்று. தேங்கிய நீரில் இது குஞ்சு பொரிக்காது. முட்டை ஓடும் தண்ணீரில் மிதந்துகொண்டே போனால்தான் பொரியும். சேற்றில் படிந்தால் வீணாகிவிடும். அப்படியானால் எங்கள் ஏரியில் இருக்கும் ஒவ்வொரு புல் கெண்டையும் ஒருவர் கையால் விட்டது, அல்லது மேலே உள்ள ஏரியிலிருந்து வெள்ளத்தில் இறங்கியது. மீன் குத்தகை எடுத்தவரிடம் கேட்டேன். “ஏரி சுத்தமாகும்னுதாண்ணா விட்டோம்” என்றார்.

சுத்தமாகவில்லை. ஆகாயத்தாமரை அதற்கு வேண்டாத சோறு. மெல்லிசான வேலம்பாசி இருக்கும்வரை அந்தத் தடித்த இலைப் பக்கம் அது ஏன் போகப் போகிறது? இன்றைக்கும் ஏரியின் கிழக்கு மூலையில் ஆகாயத்தாமரை அப்படியே கிடக்கிறது. காணாமல் போனது தண்ணீருக்கு அடியில் இருந்த பாசிதான். தின்றதில் பாதியோளம் செரிக்காமல் கழிவாக வெளியேறுகிறது. அந்த உரத்தில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போல் ஆகிவிட்டது. முன்பெல்லாம் படித்துறையில் நின்றால் முழங்கால் ஆழத்துக்குத் தரை தெரியும்.

விரால் குஞ்சு பார்த்திருக்கிறீர்களா? பாசியை விலக்கிக் கூடு கட்டி முட்டையிடும் மீன் அது. செங்காவி நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது அந்த இடம் மட்டும் உலை கொதிப்பது போல் இருக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்த நேரத்தில் விராலைப் பிடிக்கக் கூடாது என்று அப்பா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போய்விடுவார். இந்த வருஷம் மழைக்குப் பிறகு ஒரு கூட்டம்கூட என் கண்ணில் படவில்லை. மிதக்கும் பாசியில் கூடு கட்டும் முக்குளிப்பான் பறவையையும் காணவில்லை. சாக்கடை கலப்பதற்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சாக்கடை பல வருஷமாகக் கலக்கிறது. பாசி போனது இரண்டே வருஷத்தில்.

ரோகுவும் கட்லாவும் மட்டும் உள்ளூர் மீனா என்று கேட்பார்கள். சரி, அவையும் கங்கைப் பக்கத்திலிருந்து வந்தவைதான். ஆனால் ஏரியின் செடிகொடியை மொட்டையடிப்பதில்லை.

இது எங்கள் ஏரியோடு நிற்கவும் போவதில்லை. பெங்களூரு ஏரிகள் ஒன்றுக்கொன்று ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாயால் கோத்தவை. கோடி பாய்ந்தால், அதாவது ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழியும் வாய் வழியாக வெளியேறினால், எங்கள் பக்கத்துத் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. ஏரியில் பொரிக்காத மீன் ஆற்றிலும் பொரிக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? இமாசலப் பிரதேசத்துக் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்தில் 1971இல் தவறிப்போய்ச் சேர்ந்த வெள்ளிக் கெண்டை, அங்கேயே பெருகிக் கட்லாவை ஓரங்கட்டிவிட்டது. அதுவும் சீனத்துக் கெண்டைதான்.

தானாகப் பெருகாத மீன் என்பதால் இங்கே இன்னும் காலம் இருக்கிறது. குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டு, இருப்பதைப் பிடித்துவிட்டால் சில வருஷத்தில் தீர்ந்துவிடும். ஏரிக் குத்தகைப் பத்திரத்தில் எந்தெந்தக் குஞ்சு விடலாம் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். புல் கெண்டை அதில் இருக்கக் கூடாது. மழைக்கு முன்னால் கோடியில் கம்பி வலை அடிக்க வேண்டும். தூண்டில் போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புல் கெண்டை மாட்டினால் தண்ணீரில் திருப்பி விடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள். முள் அதிகம், ஆனால் ருசியான மீன்தான்.

ஆகாயத்தாமரையை ஆள் வைத்து வாரித்தான் எடுக்க வேண்டும். அதற்கு நாள் குறித்தால் நானும் வருகிறேன். அந்த முதல் மீனின் செதில்களைக் காயவைத்து ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன். மீன்வளத் துறையிலிருந்து யாராவது பார்க்க வந்தால் காட்டலாம், எந்த இடத்தில் மாட்டியது என்பதையும் கூடவே வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கிருஷ்ணராஜபுரம், பெங்களூரு