பரணில் கிடக்கும் மாண்டலினை விற்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில் பழைய இசைக்கருவிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நூறு வருஷத்து மாண்டலின் வீட்டில் இருந்தால் லட்சக்கணக்கில் விலை போகும் என்று அதில் ஒரு வரி. அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு நாலு போன் வந்துவிட்டது. நான் மாண்டலின் வாசிப்பவன், பழையதைத் தேடி வாங்கிச் சேர்ப்பவன் என்று தெரிந்தவர்கள்தான். அதில் ஒருவர் ஏற்கெனவே விற்றே விட்டார், வாங்கியவர் அதை ஒரு ஓட்டல் வரவேற்பறைச் சுவரில் மாட்டப் போகிறாராம். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

லட்சக்கணக்கில் போகும் மாண்டலின்கள் இருக்கத்தான் செய்கின்றன. இத்தாலியில் நேப்பிள்ஸில் வினாச்சியா, கலாச்சே குடும்பங்கள் செய்தவை, எம்பெர்கெர் செய்த ரோம் பாணி மாண்டலின்கள், அப்புறம் அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியில் லாயிட் லோர் என்பவர் 1922 முதல் 1924 வரை சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய எஃப்-5 என்ற மாடல். இவை வேறு ரகம். நான் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தவை எல்லாம் கல்கத்தாவில் செய்த தட்டை முதுகு மாண்டலின்கள், இல்லையென்றால் சிசிலித் தீவில் கத்தானியா என்ற ஊரிலிருந்து ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியான, சுரைக்குடுக்கை மாதிரி முதுகு உருண்ட மாண்டலின்கள். வயசு நூறு இருக்கும், விலை இருக்காது. கட்டுரையில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பதும் கத்தானியா மாண்டலின்தான். என் மாமனார் அந்தக் காலத்தில் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது அவர்களிடமிருந்து வாங்கினார். அவர் காலமான பிறகு பரணில் ஒரு பழைய போர்வைக்குள் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்தது. நான் இறக்கி எடுத்தபோது எட்டுத் தந்தியில் மூன்றுதான் மிச்சம், அதுவும் துருப்பிடித்து விரலில் செம்பழுப்பாக ஒட்டியது.

ஆர்வத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போய் தந்தி மாற்றச் சொன்னேன். கடைக்காரர் புது மாண்டலினுக்குப் போடும் கனமான செட்டை மாட்டிக் கொடுத்துவிட்டார், எனக்கும் அப்போது தெரியாது. எட்டுத் தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் செட் அது. பழைய உருண்டை முதுகு மாண்டலினின் மேல்பலகை மெல்லியது, லேசான தந்திக்காகச் செய்தது. ஒரு மாதம் கூட ஆகவில்லை, தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்குக் கீழே பலகை உள்வாங்கிவிட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தட்டின் குழி மாதிரி தெரிந்தது, தந்தி தாழ்ந்து, விரல் வைக்கும் இடத்தில் குறுக்கே பதித்த பிரெட் என்கிற உலோகக் கம்பிகளில் உரசியது.

அதைச் சரிசெய்து கொடுத்தது வயலின் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர். சூடுபடுத்திய மெல்லிய கத்தியை ஓரத்தில் விட்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, இரண்டு மணி நேரத்தில் மேல்பலகையைத் தனியாக எடுத்தார். அந்தக் காலத்துப் பசை தோலிலும் எலும்பிலும் காய்ச்சியது, சூட்டுக்கு இளகும், அதனால்தான் பிரிக்க முடிகிறது, அதனால்தான் சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்தால் தானாகவே பிரிந்தும் போகிறது. உள்ளே முதுகின் ஒவ்வொரு மரப்பட்டையும் சேரும் இடத்தில் தாள் ஒட்டியிருந்தார்கள், நீல வரி போட்ட கணக்கு நோட்டுத் தாள், அதில் யாரோ மையில் எழுதிய எண்கள். பெரியவர் அதைத் தொடவே இல்லை. உள்ளே உடைந்திருந்த கட்டையை மட்டும் மாற்றினார். வெளியே பாலிஷ் போடட்டுமா என்று நான் கேட்டதற்கு, போட்டால் இனிமேல் என்னிடம் கொண்டு வராதே என்றார். பழைய பூச்சின் மேல் வார்னிஷ் அடித்தால் நாதமும் கெடும், விலையும் போகும். இப்போது அதில் மிக லேசான தந்திதான். பிரிட்ஜை யாரும் ஒட்ட வேண்டாம், அது தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்க வேண்டியது.

வாசிக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குப் பழையதைத் தேடிப் போகச் சொல்ல மாட்டேன். என்னிடம் ஈஸ்ட்மேன் கம்பெனியின் புது மாண்டலின் ஒன்று இருக்கிறது, சீனாவில் கையால் செதுக்கியது, வயலின் மாதிரி மேடிட்ட மேல்பலகை, எஃப் வடிவத் துளை. நெக் என்கிற கழுத்துப் பகுதிக்குள் இரும்புக் கம்பி இருப்பதால் வளைந்தால் ஒரு சாவியில் திருப்பிச் சரிசெய்யலாம், சுருதி நிற்கும், விரல் வலிக்காது. சத்தம் நறுக்கென்று முன்னால் வரும். மாமனாரின் மாண்டலினில் அது கிடையாது, ஆனால் தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக்கை வேகமாக மேலும் கீழும் ஓட்டி ஒரு சுரத்தை நீட்டும்போது தண்ணீர் நடுங்குவது மாதிரி ஒரு ஒலி வரும், அது ஈஸ்ட்மேனில் கிடையாது. இரண்டையும் தினமும் எடுக்கிறேன்.

விலை உயர்ந்த மாண்டலின் என்றாலே கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்க மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் எஃப்-5ஐப் பாருங்கள். லோர் 1923 ஜூலை 9 அன்று கையெழுத்துப் போட்டது. அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் மாண்டலின் மோகமே வடிந்து பாஞ்சோவுக்குப் போய்விட்டிருந்தது. 1940களில் ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டாலருக்கு மன்றோ வாங்கினார். புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையே அதில்தான் வளர்ந்தது. ரிப்பேர் விஷயத்தில் கம்பெனியோடு மனஸ்தாபம், கோபத்தில் தலைப்பலகையிலிருந்த கிப்சன் என்ற பெயரைக் கத்தியால் சுரண்டியே எடுத்துவிட்டார். 1985இல் யாரோ வீடு புகுந்து அதை அடித்து நொறுக்கினார்கள், சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்து கிப்சனிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள், மறுபடி வாசித்தார். தேய்ந்து, கீறி, உடைந்து ஒட்டிய அந்த மரம்தான் இன்று நாஷ்வில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஆந்திராவில் பாலக்கொல்லுவில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஆறு வயதில் தொட்டது அப்பா வீட்டில் வைத்திருந்த மாண்டலினைத்தான். குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது, அவர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பார். மாண்டலினின் எட்டுத் தந்தியும் நாலு ஜோடியாக இருக்கும், அந்த ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவில் நகராது, சுருதி கலையும், நாதமும் சட்டென்று அடங்கிவிடும். அதனால் மின்சார மாண்டலினுக்கு மாறி, எட்டுத் தந்தியை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கி, கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு கருவியைக் கொடுத்துவிட்டு 45 வயதில் 2014 செப்டம்பர் 19 அன்று போய்விட்டார். அன்று ராத்திரி நான் எதையும் வாசிக்கவில்லை, தந்தியை மட்டும் துடைத்து வைத்தேன். அந்த அப்பா தன் மாண்டலினைப் பையன் கைக்கு எட்டாமல் பரணில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

உங்கள் வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான். வீட்டில் மாண்டலின் இருந்தால் முதலில் தந்தியைத் தளர்த்துங்கள், துளை வழியாக உள்ளே டார்ச் அடித்து லேபிளைப் படியுங்கள், நெக் வளைந்திருக்கிறதா என்று ஓரமாகப் பாருங்கள். மரத்தில் கை தேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டில் மேற்கத்திய வயலின் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது, இரண்டுக்கும் ஒரே சுருதி அமைப்பு, விரல் தானாகவே இடம் கண்டுபிடித்துவிடும். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் வாசிப்பவருக்கு விற்றுவிடுங்கள், பணம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. நீங்களும் இந்த மாதிரி கருவிகளைச் சரிசெய்கிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறவர் யாரும் இல்லை.

பழைய மாண்டலினுக்கான லேசான தந்தி என்னிடம் இரண்டு செட் உபரியாக இருக்கிறது. திருச்சிப் பக்கம் யாராவது பரணிலிருந்து இறக்கினால் இலவசமாகவே தருகிறேன், நானே வந்து மாட்டியும் தருகிறேன். முகவரியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி