லொறியோடு வரும் தராசையும் பாருங்கள்

அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்ட அதிகாரிகளுக்கு, வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் 3 ஏக்கர் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை நான். உங்கள் வேலையில் ஒரு பாதி எங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வியாபாரத்தில் பயன்படும் தராசும் படிக்கல்லும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். அதற்கான நாளை அறிவிக்கிறீர்கள். கடைக்காரர்கள் பிரதேச செயலகத்துக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நல்ல விஷயம். சந்தையில் ஒரு கிலோ சீனி வாங்குகிற சனத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் வன்னியில் எங்கள் வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் சோறு போடுகிற நிறுவை எந்தக் கடையிலும் நடப்பதில்லை. வயல் வரம்பில் நடக்கிறது. அங்கே தராசு எங்களுடையதல்ல. நெல் வாங்க வருகிறவரின் லொறியில் அது வருகிறது, அவரோடேயே திரும்பிப் போகிறது. கடையில் ஏமாறக்கூடியவர் வாங்குகிறவர். இங்கே ஏமாறுவது விற்கிறவர்.

போன காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்தில், நடந்ததைச் சொல்கிறேன். வெட்டு மெசின் வந்துபோன பிறகு நெல்லை வீதியோரம் படங்கு விரித்து மூன்று நாள் காயவைத்தோம். இரவில் அப்பாவும் நானும் மாறி மாறிக் காவல். கையில் எடுத்துக் கடித்தால் 'டக்' என்று உடைகிற பதம். நான்காம் நாள் லொறி வந்தது. 70 கிலோ மூடைக்கு 3 கிலோ கழிவு என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். "ஈரம், சாக்கு, தூசு எல்லாத்துக்கும் சேர்த்துத்தான், தங்கச்சி" என்று பதில் வந்தது. ஈரம் பார்க்கும் கருவி அவர்களிடம் இல்லை. சாக்கு என்று அவர்கள் சொன்னது வெறும் உரப்பை. அது 100, 150 கிராமுக்கு மேல் இராது. நான் இன்னும் பேச வாயெடுத்தபோது அப்பா தடுத்துவிட்டார். "விடு பிள்ளை. இவையும் வராட்டி நெல்லை ஆர் எடுப்பினம்?"

எங்களிடம் இருந்தது 60 மூடை. கழிவு மட்டும் 180 கிலோ. 2025 பெப்ரவரியில் அரசு 'நாடு' வகை நெல்லுக்குக் கிலோவுக்கு அறிவித்த 120 ரூபாவில் கணக்குப் பார்த்தால் 21,600 ரூபா. அதுவும் 14 வீத ஈரத்துக்குக் காய்ந்த நெல்லுக்கான விலை.

ஈரத்துக்குக் கழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈர நெல்லை விற்றுவிட்டுத் தண்ணீருக்கும் காசு கேட்பது எங்கள் பக்கத்துப் பிழை, பதரோடு கட்டிக் கொடுப்பதும் அப்படித்தான். ஆனால் ஈரத்துக்கு ஒரு நேர்மையான கணக்கு இருக்கிறது. 18 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் ஈரம் போக மிஞ்சுவது 82 கிலோ. அதை 14 வீத ஈரத்துக்கு மாற்றினால், 82ஐ 0.86ஆல் பிரிக்க, 95.35 கிலோ வரும். அப்படியென்றால் 70 கிலோ மூடைக்கு 3 கிலோவும் கொஞ்சமும் கழிப்பது நியாயம். 16 வீதம் என்றால் 1.6 கிலோ. 14 வீதத்துக்குக் காய்ந்திருந்தால் ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் ஒரே 3 கிலோ என்றால், வெட்டிய கையோடு ஈரமாக விற்றவருக்கு நட்டமில்லை. மூன்று இரவு கண்விழித்துக் காயவைத்தவர்தான் அந்த 3 கிலோவை இழக்கிறார். அடுத்த போகம் அவர் ஏன் காயவைக்கப் போகிறார்? பக்கத்து வயல்காரர் இரண்டு போகமாகக் காயவைப்பதை விட்டுவிட்டார். அந்த ஈர நெல்தான் பிறகு களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது.

அப்புறம் தராசு. நிறுப்பவர்கள் தேநீர் குடிக்கப் போன நேரம், 20 லீற்றர்த் தண்ணீர்க் கானை அதன் மேல் வெறுமையாக வைத்துப் பூச்சியமாக்கினேன். பிறகு 1 லீற்றர் அளவுப் பாத்திரத்தால் 20 தடவை தண்ணீர் ஊற்றினேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ. எங்கள் வெயிலில் சூடேறிய தண்ணீர் என்றாலும் 20 லீற்றருக்கு 100 கிராம் அளவில்தான் குறையும். தராசு காட்டியது 19.2. இருக்க வேண்டியது 19.9. அந்த வித்தியாசம் 60 மூடைக்கு ஏறத்தாழ 150 கிலோ.

அது வேண்டுமென்று செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. குன்று குழி வீதியில் குலுங்கிக் குலுங்கி வந்த தராசு. மட்டமில்லாத வரம்பில் சரிந்து நின்றது. சரிவில் நிற்கும் தராசு குறைத்துத்தான் காட்டும். மின்கலம் தளர்ந்திருக்கவும் கூடும். அந்த ஆட்களும் கூலிக்கு வந்தவர்கள்தான். ஆனால் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன், எங்கும் காணவில்லை. எண் தெரியும் பக்கம் லொறியை நோக்கித் திரும்பியிருந்தது. எங்களுக்குத் தெரிந்தது கொப்பியில் எழுதுகிறவரின் முதுகு மட்டும்.

அப்பப்பா காலத்தில் சூடு மிதித்து, களத்தில் குவித்த நெல்லை (பொலி) அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்களாம், 'லாபம்' என்பார்களாம். தலைதட்டி, எல்லோர் கண் முன்னாலும், சத்தமாக எண்ணி. களத்தில் நின்ற சின்னப் பிள்ளைக்கும் எத்தனை மரைக்கால் (அந்தக் கால நெல் அளவு) என்று தெரியும். இப்போது எண்ணுவது ஒரு பெட்டி. அதன் முகம் எங்களுக்குத் தெரிவதில்லை.

நெல் மட்டுமல்ல. காட்டுத் தேன் எடுத்து வருகிற ஆட்களிடம் 750 மில்லிலீற்றர்ப் போத்தலை 'ஒரு கிலோ' என்று வாங்குகிறார்கள். தேன் தண்ணீரைவிட 1.4 மடங்கு பாரம். போத்தல் நிரம்பினால் அது ஒரு கிலோவைத் தாண்டும். 50 கிராம்தான் என்று விட்டுவிடலாம், ஆனால் அது காட்டில் தேனீக் கொட்டு வாங்கிக்கொண்டு எடுத்த 50 கிராம். தேங்காயெண்ணெயில் இது தலைகீழ். அதே போத்தல் எண்ணெய் 700 கிராம்கூட வராது. கடையில் அதையும் கிலோ என்று விற்றால் வாங்குகிறவர் ஏமாறுகிறார். எதை நிறையால் விற்பது, எதைக் கொள்ளளவால் விற்பது என்று கடையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒரு மட்டைத் துண்டு.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை நடக்கும்போது சோதனைப் படிக்கற்களோடு ஒரு வாகனம் வயல் பக்கம் வரட்டும். லொறியில் இருக்கும் தராசுக்கும் கடைத் தராசு போல ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் முத்திரையிட்ட தராசு ஒன்றும், ஈரம் பார்க்கும் கருவி ஒன்றும் பொதுவாக இருந்தால், சந்தேகம் வந்த மூடையை அங்கே கொண்டுபோய் இரு தரப்பும் சேர்ந்து பார்க்கலாம். ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம் என்ற அட்டவணையைக் கமநலத் திணைக்களத்தோடு பேசி அந்த நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள். கமக்கார அமைப்புகளும் இதைக் கேட்க வேண்டும், எங்கள் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் நான் கேட்பேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாமே என்று சிலர் சொன்னார்கள். சொல்லலாம். ஆனால் நெல்லை ஏற்றிய லொறி ஒரு மணித்தியாலத்தில் ஏ9 நெடுஞ்சாலையில் ஏறிவிடும், தராசும் அதோடு போய்விடும். அதனால்தான் முறைப்பாடு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வாருங்கள் என்று கேட்கிறேன்.

எங்கள் வயலுக்கு ஒட்டுசுட்டானிலிருந்து வரலாம். நெல் நிறுப்பது பெரும்பாலும் காலை 7 மணிக்குத் தொடங்கி, வெயில் ஏற முன் முடிந்துவிடும்.