தொடக்கப் பொதிப் பணத்தைத் திருப்பித் தரக் கோரியும், விற்பனைப் பக்கத்தைத் திருத்தக் கோரியும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்துக்காக அனுப்பும் ஆறாவது கடிதம் இது. முதல் நான்குக்கும் பொறுமைக்கு நன்றி சொல்லித்தான் பதில் வந்தது, ஐந்தாவதுக்கு அதுவும் இல்லை. இனி பொறுக்க முடியாது. கேட்பவை இரண்டு. உங்கள் இணைய விளையாட்டில் புதிதாகச் சேர்பவர் வாங்கும் தொடக்கப் பொதிக்குக் கட்டிய பணம் திரும்ப வேண்டும். இந்த விளையாட்டைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறவர், பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை விற்பனைப் பக்கத்தில் வர வேண்டும்.

விளையாட்டை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையின் விதி உங்களுக்குத் தெரியும்: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். முதலில் இறங்குவது 70 ஜிபி. பிறகு விளையாட்டைத் தொடங்கிவைக்கும் உங்கள் லான்ச்சர் திறந்து, தன் பங்குக்கு இன்னொரு 38 ஜிபி பேட்ச் (புதுப்பிப்புக் கோப்புகள்) இறக்குகிறது. லான்ச்சர் ஓடும் நேரமெல்லாம் ஆடிய நேரமாகவே கணக்கில் ஏறுகிறது. பேட்ச் முடிய 1 மணி 40 நிமிடம். பாத்திரத்தின் முகமும் முடியும் அமைக்க 15 நிமிடம். முதல் எலியை அடிப்பதற்குள் 2 மணி நேரம் முடிந்துவிடுகிறது. குறைகளோ 18-ஆம் லெவலுக்கு மேல்தான் தெரியவருகின்றன. பேட்ச் கோப்புகளைக் கடையின் பதிவிறக்கத்திலேயே சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. இது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயமா?

இதைக் கேட்டதற்குத்தான் உங்கள் ஐந்தாவது உதவியாளர் இரண்டே வரியில் எழுதினார்: "இந்த விளையாட்டு எல்லோருக்கும் பொருந்தாது. பிடிக்காவிட்டால் நீக்கிவிடுங்கள்." பணம் கட்டியவரிடம் பேசும் பேச்சா இது? அதற்குப் பிறகு பத்தே நிமிடத்தில் "தீர்வு காணப்பட்டது" என்று டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, மூடியிருக்கிறார். எதைத் தீர்த்தார்?

அடுத்து சர்வர். பாத்திரம் அமைக்கும்போது "பரிந்துரைக்கப்பட்டது" என்று ஒன்றைக் காட்டுகிறீர்கள். அந்தப் பரிந்துரை கூட்டத்தைப் பார்த்து வருகிறது, தூரத்தைப் பார்த்து அல்ல. பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், எவ்வளவு என்று அந்தத் திரையில் ஓர் எண்கூட இல்லை. ஒரு வட்டாரத்தில் தொடங்கிய பாத்திரத்தை வேறு வட்டாரத்துக்கு மாற்ற வழியும் கிடையாது. உள்ளே போய்ப் பார்த்தால் பிங் 240 மில்லி விநாடி.

அதன் விளைவை குழுவாகப் போய்ச் சண்டையிடும் முதல் டன்ஜனின் கடைசி பாஸிடம் (பெரிய எதிரியிடம்) பாருங்கள். சிவப்பு வட்டம் தோன்றி 1,300 மில்லி விநாடியில் அடி விழுகிறது. வட்டம் திரைக்கு வந்து சேர்வதும், நகர்ந்த செய்தி சர்வருக்குத் திரும்பிப் போவதுமாக 240 போய்விடும். சர்வர் விநாடிக்கு 10 முறைதான் கணக்குப் பார்க்கிறது என்று உங்கள் பேட்ச் குறிப்பிலேயே இருக்கிறது. அதில் இன்னொரு 100 வரை போகலாம். கண் பார்த்து விரல் அழுத்த 250. மிச்சம் 710. வட்டத்தின் ஆரம் 5 மீட்டர், ஓட்ட வேகம் விநாடிக்கு 6 மீட்டர். நடுவில் நிற்பவர் வெளியேற 830 வேண்டும். ஆகவே எவ்வளவு தேர்ந்த கை என்றாலும் அடி விழும். திரையில் பாத்திரம் கோட்டுக்கு வெளியே இரண்டு அடி தள்ளி நிற்கிறது, உயிர்க்கோடு மட்டும் பாதியாகச் சரிகிறது. அந்தப் படப்பதிவு முதல் கடிதத்திலேயே இணைக்கப்பட்டது, ஒருவராவது திறந்து பார்த்தாரா? பிங் 30 உள்ளவருக்கு இதே கணக்கில் 920 மிஞ்சுகிறது. அவர் தப்பிவிடுவார். திறமைக்கு இங்கே வேலையே இல்லை.

இதற்கு உங்கள் உதவிப் பிரிவு சொன்ன வைத்தியம்: ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள், விளையாட்டை நீக்கி மறுபடி நிறுவுங்கள். 108 ஜிபி, மூன்று முறை. வழியில் தொலைந்த தரவு (பாக்கெட் இழப்பு) சுழியம் என்று காட்டும் லாக் கோப்பு, அதாவது இணைப்புப் பதிவு, கையில் இருக்கும்போது, மறுநிறுவல் தூரத்தைக் குறைக்குமா? அதே லாக் கோப்பை ஐந்து பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். 72 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும் என்றார்கள். நீங்கள் பதில் போட எடுத்துக்கொண்டது ஒன்பது நாள். ஒரு மாதமே பாழாய்ப்போனது, இனி எந்த இணைய விளையாட்டையும் நம்பித் தொட முடியாதபடி செய்துவிட்டீர்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் வரிசை மாறிவிட்டது. டன்ஜனுக்குக் குழு சேரக் காத்திருக்கும் வரிசையைச் சொல்ல வேண்டும். 18-ஆம் லெவலில் கதை நகர அடியைத் தாங்கும் ஒரு டேங்க், காயம் ஆற்றும் ஒரு ஹீலர், மூன்று தாக்குநர் ஒன்றுகூட வேண்டும். தாக்குநராகக் காத்திருந்தால் 50 நிமிடம். பழைய ஆட்டக்காரர்களுக்கான தினசரி வெகுமதி உச்ச லெவல் டன்ஜனுக்கு மட்டுமே என்பதால், கீழே யாரும் இறங்குவதில்லை. கீழ் லெவல் டன்ஜனுக்கும் வெகுமதி வைத்து, அவர்கள் லெவலை அங்கே தற்காலிகமாக இறக்கினால் வரிசை நகரும். அதுவரை புதிதாக வருகிறவர் ஹீலராகத் தொடங்குவதே நல்லது. அந்த வகுப்பை உண்மையாகவே அழகாகச் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

ஆயுதத்தை மெருகேற்றுவது வெற்றிபெறும் வாய்ப்பு விகிதம் எங்கே? தென் கொரியாவில் 2024 மார்ச் முதல் அதை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். மற்ற ஆட்டக்காரர்களிடம் மறைப்பானேன்? 30 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், தொடர்ந்து ஐந்து முறையும் தோற்பது ஆறு பேரில் ஒருவருக்கு நடக்கும். தோற்றால் ஆயுதம் உடையும் என்பது உடைந்த பிறகுதான் தெரிகிறது.

குறையுள்ள விளையாட்டைத் திருத்தவே முடியாது என்று சொல்லாதீர்கள். ஃபைனல் ஃபேண்டசி 14 என்ற இணைய விளையாட்டு 2010-இல் படுமோசமாக வெளிவந்தது. அதன் நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டது, மாதக் கட்டணத்தை நிறுத்திவைத்தது, 2012 நவம்பரில் சர்வர்களை மூடியது, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தது. இன்று அதில் காலவரம்பில்லாத இலவச முன்னோட்டமே உண்டு. நீங்களும் முதல் டன்ஜன் வரை இலவசமாக விடுங்கள். தொடங்கலாமா வேண்டாமா என்பதை ஆடிப் பார்த்து அவரவரே முடிவு செய்துகொள்வார்கள்.

தயவுசெய்து 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்புங்கள். சர்வர் தேர்வுத் திரையில் பிங் எண்ணைக் காட்டுங்கள். பேட்ச் அளவையும், வட்டார மாற்றம் கிடையாது என்பதையும் விற்பனைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஐந்தாவது உதவியாளர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பதில் வராவிட்டால், வங்கியில் இந்தப் பரிவர்த்தனையை மறுத்து மனு போகும், நுகர்வோர் மன்றத்திலும் புகார் பதிவாகும். வங்கியில் மறுத்தால் கணக்கை முடக்குவீர்கள் என்பது தெரிந்தேதான் எழுதப்படுகிறது.

டிக்கெட் உரையாடல் ஐந்தும், லாக் கோப்பும், படப்பதிவும் மறுபடியும் இணைக்கப்பட்டுள்ளன. இந்த முறையாவது திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்