ஞாயிறு இணையக் கூடல்: கெஷே வாங்யால்

வணக்கம் நண்பர்களே. நம் வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர் கூடல் வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு.

பேசப்போவது 1901-ல் பிறந்த கல்மிக் லாமா கெஷே வாங்யால் பற்றி. கல்மிக்குகள் ரஷ்யாவில் வாழும் மங்கோலிய வழி பௌத்த மக்கள்; கெஷே என்பது திபெத்திய பௌத்தப் படிப்பில் ஓர் உயர் பட்டம். திபெத்தின் லாசாவில் படித்தவர். ஜெர்மனி அகதி முகாம்களிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடியேறிய தம் மக்களுக்காக 1955-ல் அமெரிக்கா போனார். 1958-ல் அங்கே பௌத்த மடம் தொடங்கினார். துறவியாகத் துடித்த அமெரிக்க இளைஞர் ராபர்ட் தர்மனுக்கு (பின்னாளில் பௌத்தவியல் பேராசிரியர்) அது ஒத்துவராது என்று மறுத்தார். அப்புறம் வாங்யாலே அவரைத் தலாய் லாமாவிடம் கூட்டிப்போனார்!

1. 1943-ல் கல்மிக்குகள் சோவியத் அரசால் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டதைப் படித்துவிட்டு வாருங்கள். அது தெரியாமல் மற்றது புரியாது.
2. வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரோடு பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.
3. இணைப்பு சனிக்கிழமை வரும்.
4. பேச்சு முடியும்வரை மைக் அணைந்திருக்கட்டும்.