சட்டமுன்வடிவு இப்போது யாரிடம்?

ஆசிரியருக்கு,

ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் சட்டமுன்வடிவுகள் (மசோதாக்கள்) குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். தாமதத்தைக் கண்டித்தது சரியே. ஆனால், அந்தத் தாமதம் முதலில் மக்கள் கண்ணில் பட வேண்டாமா? பேரவையில் அறிமுகமாகும் முன்வடிவு தமிழ்நாடு அரசிதழின் பகுதி 4, பிரிவு 1-இல் வெளியாகிறது. ஒப்புதல் கிடைத்தபின் சட்டமாகப் பிரிவு 2-இல் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அது ஆளுநரிடம் உள்ளதா, திருப்பி அனுப்பப்பட்டதா, குடியரசுத் தலைவருக்குப் போயிற்றா என்பதை இவ்விரு பிரிவுகளையும் புரட்டி அறிய முடியாது. எண்ணும் கைகொடுக்காது, முன்வடிவுக்கு ஓர் எண், சட்டத்துக்கு வேறோர் எண். இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2022 அக்டோபரில் பேரவையில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பெயரில் 2022 என்றிருந்தாலும் அது 2023-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டம். 2022-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

பேரவைச் செயலகம் தன் இணையதளத்தில் முன்வடிவுக்கு ஒரு பக்கம் என ஒதுக்கி, அறிமுகமான நாள் தொடங்கிச் சட்ட எண் வரை ஒரே இடத்தில் பதிய வேண்டும். குறிப்பாக, ஆளுநருக்கு அனுப்பிய நாளையும் அங்கிருந்து திரும்பிய நாளையும் அன்றன்றே வெளியிட வேண்டும்.

- ஒரு வாசகர், திருச்சி