கூமுட்டையில் நல்ல பாகம் எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் ஆங்கில மரபுத்தொடர்களுக்குப் பொருள் கொடுத்திருந்த பக்கத்தில் 'கியூரேட்ஸ் எக்' (உதவிப் பாதிரியாரின் முட்டை) என்பதற்கு 'நல்லதும் கெட்டதும் கலந்தது' என்று போட்டிருந்தீர்கள். தப்பில்லை, இன்றைய அகராதிகளிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்த முட்டையின் கதையை ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

1895 நவம்பரில் லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் ஜார்ஜ் டு மோரியர் வரைந்த கேலிச்சித்திரம் அது. பிஷப்போடு உட்கார்ந்து காலைச் சாப்பாடு. உங்களுக்குக் கெட்டுப்போன முட்டை வந்துவிட்டது போலிருக்கிறதே என்கிறார் பிஷப். விருந்துக்கு வந்த உதவிப் பாதிரியார் பதறிப்போய், ஐயோ அப்படியெல்லாம் இல்லை ஆண்டகையே, சில பாகங்கள் ரொம்ப அருமையாக இருக்கின்றன என்கிறார். அவ்வளவுதான் ஜோக். கூமுட்டையைத் தெரியாமல் வாணலியில் உடைத்து ஊற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடியவர்களுக்குத் தெரியும், அதில் நல்ல பாகம் கெட்ட பாகம் என்று பிரிக்க ஒன்றும் கிடையாது, மொத்தமும் நாற்றம்தான். பெரியவர் மனம் கோணக்கூடாது என்று அதையும் விழுங்கிவிட்டு அருமை என்று சொல்லும் ஆளைத்தான் அந்தத் தொடர் கிண்டலடித்தது. இன்றைக்கு முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை என்கிற படத்துக்கெல்லாம் அதைப் போடுகிறார்கள். முட்டை மட்டும் மிச்சம், கிண்டலைக் காணோம். எனக்கு இதில் வருத்தம்தான்.

அதற்காகப் பொருள் மாறவே கூடாது என்று அடம்பிடிக்கிறவன் இல்லை நான். பூட்ஸின் மேல் விளிம்பில், காலை நுழைக்கும்போது பிடித்து இழுக்கத் தைத்திருப்பார்களே ஒரு பட்டை, அதுதான் பூட்ஸ்ட்ராப். அதைப் பிடித்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வது என்றால் 19-ஆம் நூற்றாண்டில் நடக்காத காரியம் என்று அர்த்தம். அப்புறம் அதுவே யார் தயவும் இல்லாமல் சொந்த முயற்சியில் முன்னேறுவது என்று தலைகீழானது. கம்ப்யூட்டர்காரர்கள் வந்து, ஒரு குட்டி நிரல் பெரிய நிரலை உள்ளே ஏற்றி இயந்திரம் தானே எழுந்துகொள்வதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அது சுருங்கித்தான் 'பூட்' ஆனது. காலையில் ஆபீசில் 'சிஸ்டம் பூட் ஆகலை சார்' என்று யாராவது கத்தினால் எனக்கு அந்தச் செருப்புப் பட்டைதான் ஞாபகம் வருகிறது, சிரிப்பை அடக்கிக்கொள்கிறேன். இந்த மாற்றத்தில் பழைய பொருளும் எங்கேயோ உயிரோடு இருக்கிறது, முட்டையில் அது இல்லை.

அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது பொருளுக்குக் கீழே பழைய பொருளையும் சின்ன எழுத்திலாவது போடுங்கள். முடிந்தால் அந்த 'பஞ்ச்' படத்தையும், பாதிரியார் முகம் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்.