எம்டன் வர்றான்

அன்புள்ள மச்சி,

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே தண்டையார்பேட்டையில் எல்லோரும் சுகம். பேத்திக்கு முதல் பல் விழுந்துவிட்டது. சாணியில் பொதிந்து கூரைமேல் போடணும் என்றேன். சாணிக்கு எங்கே போவது, ஓட்டுக் கூரைதான் எங்கே இருக்கிறது என்றாள் மருமகள். கடைசியில் தொட்டிச்செடி மண்ணை ஈரமாக்கி உருட்டி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் வீசினோம். "ஏன் தாத்தா அங்கே போடணும்?" என்று கேட்டவளுக்கு என்னிடம் பதில் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும் என்று நீ எழுதியிருந்தாய். விளக்கு வைத்தபின் வீடு பெருக்கினால், அகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத மூக்குத்தித் திருகு குப்பையோடு போய்விடும் என்பது சரி, நம்பலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து ஒரு காரணத்தை ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ரிங்கா ரிங்கா ரோசஸ் பாட்டு 1665 லண்டன் பிளேக்கைப் பற்றியது என்று நமக்குச் சொன்னார்களே, அந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியதே 1881ல்தான். பிளேக் கதை பரவியது இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம்.

நம்ம ஊர் பயம் ஒன்றுக்கு மட்டும் தேதியே இருக்கிறது. சோறு இறங்கவில்லையென்றால் ஆயா "எம்டன் வர்றான்" என்பாள், ஞாபகம் இருக்கா? கோணி தூக்கிய கிழவன் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன், தெருவில் பழைய பேப்பர்காரர் வந்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுவேன். அது 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம துறைமுகத்தின்மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல். பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊரே மூட்டை கட்டியது. ஆயாவுக்கு அப்போது ஆறு வயது, அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செங்குன்றம்வரை நடந்தாளாம். எனக்குச் சோறு ஊட்டும்போது அவள் சொன்னது கதையல்ல, தான் பயந்த பயம். அது தெரிந்த நாளிலிருந்து அந்தக் குரலை மறக்க முடியவில்லை.

பொங்கலுக்கு வா, ஐகோர்ட் சுவரில் அந்தக் குண்டுவீச்சுக்கு வைத்திருக்கும் கல்லைப் பேத்திக்குக் காட்டலாம். அப்புறம், உனக்கு யார் பேரைச் சொல்லி ஊட்டினார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுது. அவங்களுக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடு.

உன்
மச்சி